ஓர் உறையில் இரு வாள் வேண்டாம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும், அது ஏற்றுக்கொள்ளும் செயலியும் இல்லாத கணினிகள் இனி முறைப்படி அடுத்த பதிப்புக்குச் செல்ல வழியில்லை. ஏறக்குறைய 2018-க்கு முன் வாங்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இவ்வகைதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசைக்கணினி பத்தாண்டு உழைப்பது இயல்பு. எனவே ஜாதவ்பூர் முதல் பராநகர் வரை கொல்கத்தாவின் ஆய்வு மாணவர்களிடையே லினக்ஸ் பற்றிய பேச்சு மீண்டும் எழுவதில் வியப்பில்லை. அந்தப் பேச்சு வழக்கம்போல ‘விண்டோஸா, லினக்ஸா’ என்ற பட்டிமன்றமாகச் சுருங்கிவிடுவதுதான் வருத்தத்துக்குரியது. ஆய்வு செய்பவருக்குப் பெரும்பாலும் இரண்டும் தேவை. இரண்டையும் எங்கே, எப்படி வைப்பது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தேவை கற்பனையானதன்று. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுமானி, அணுவிசை நுண்ணோக்கி, நிறமாலைமானி போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்களைக் கருவி உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே தருகிறார்கள். அக்கருவி தந்த தரவை அலசும் வேலையோ, மூலக்கூறு இயக்கவியல் கணிப்போ, குரோமாக்ஸ், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ போன்ற நிரல்களோடு லினக்ஸில் நடக்கிறது. இறுதியில் ஆய்வேடு வேர்டு கோப்பாகவே வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டால் மீண்டும் விண்டோஸ். மொழித்துறையினருக்கும் இந்த இழுபறி உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகள், பிஜய் விசைப்பலகையின் பழைய குறியீட்டில் அமைந்த வங்காளக் கோப்புகள் ஆகியவற்றைத் திறந்து பார்க்க அக்கால விண்டோஸ் மென்பொருள்களே கைகொடுக்கின்றன. அவற்றை ஆயிரக்கணக்கில் ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு லினக்ஸின் கட்டளை வரிக்கு நிகரான வசதியான இடம் வேறில்லை.

இந்தத் தேவைக்கு நடைமுறையில் கிடைக்கும் தீர்வு ஒன்றே: உள்ள ஒரே வட்டை இரண்டாகப் பகிர்ந்து, ஒரு பாதியில் விண்டோஸ், மறுபாதியில் உபுண்டு. சாந்தினி சௌக் கடைத்தெருவில் கொடுத்தால் அரை நாளில் முடித்துத் தருவார்கள். விடுதியில் விவரம் தெரிந்த மூத்த மாணவர் இருந்தால் காசும் மிச்சம். முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே ஓடும். பிறகு விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும். கணினி நேராக விண்டோஸுக்குள் போகத் தொடங்கும். லினக்ஸ் இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியாது. அல்லது லினக்ஸ் பகுதியில் இடம் தீர்ந்து, எல்லைக்கோட்டை நகர்த்த முயலும்போது மின்சாரம் போகும். கால்பைசாகிப் புயல் வீசும் சித்திரை, வைகாசி மாலைகளில் கொல்கத்தாவில் இது நடக்கக்கூடாததொன்றும் இல்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் கரையைக் கடந்தபின் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பகிர்வின் எல்லையை நகர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் இழப்பு அந்தப் பக்கத்தோடு நிற்காது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அது.

ஓர் உறையில் இரு வாள் தங்காது என்பார்கள். கணினியில் தங்கும், ஆனால் ஒன்றை உருவும்போதெல்லாம் மற்றதும் அசையும். இதற்கான மாற்று எளியது, பழையது, மலிவானது: இரண்டு இயங்குதளங்களுக்கு இரண்டு தனி வட்டுகள். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்; உதவித்தொகை இல்லாதவர்களுக்கும், மாதக்கணக்கில் தாமதமாகப் பெறுபவர்களுக்கும் அந்தச் சில ஆயிரமும் சுமைதான் என்பது உண்மை. ஆகவேதான் இதை மாணவரின் சொந்தச் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் துறைகளே ஏற்க வேண்டும்.

கொல்கத்தாவுக்கு இந்த யோசனை அந்நியமானதும் அன்று. பி.டி. சாலையிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா ஒப்புமைக் கணினி ஒன்றை உருவாக்கினார். 1950-களின் நடுவில், மகாலனோபிஸின் முயற்சியால், பிரிட்டனிலிருந்து எச்இசி-2எம் என்னும் எண்முறைக் கணினி அங்கு வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினி அதுவே. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியத்தின் உரால் கணினியும் அதே வளாகத்துக்கு வந்தது. ஒன்று துளையட்டையில் உணவு கேட்டது. மற்றது துளையிட்ட படச்சுருளில் கேட்டது. கட்டளைத் தொகுதி வேறு, வடிவமைப்பு வேறு, பிறந்த நாடுகள் பனிப்போரின் எதிரெதிர் அணிகளில் இருந்தன. இரண்டையும் ஒரே நிறுவனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை வாங்கியது. 1964-இல் ஐபிஎம் 1401-உம் வந்தது. 1966-இல், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, டிரான்சிஸ்டர்களால் ஆன ஐஎஸ்ஐஜேயு-1 என்ற சொந்தக் கணினியே செயல்படத் தொடங்கியது.

இந்த வரலாற்றை வெறும் பெருமையாகச் சொல்லித் திரிவதால் பயனில்லை. அதில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. வசதி குறைந்த, அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய ஒரு நாட்டின் ஆய்வு நிறுவனம், ஒரே விற்பனையாளரின் வாசலில் நிற்க மறுத்தது. அதேநேரம் எந்த விற்பனையாளரையும் வெறுத்து ஒதுக்கவும் இல்லை. இரண்டு இயந்திரங்களையும் கலந்து மூன்றாவது ஒன்றாகக் குழப்பவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் முழுமையாக இயங்கியது. இன்று அதே நகரத்தில் ஆய்வு மாணவர் ஒருவர் ஒற்றை நிறுவனத்தின் ஆதரவு முடியும் தேதியைப் பார்த்துத் தன் ஆய்வுக் காலத்தைத் திட்டமிடும் நிலை வந்திருப்பது முன்னேற்றமாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டு அனுபவம் வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. நோக்கம் மிக நல்லது. ஆனால் இரண்டும் ஒரே வட்டில் இருந்தன. ஓரிடத்தில் பழுது வந்து கடைக்குப் போனால் வட்டு முழுவதும் துடைக்கப்பட்டு விண்டோஸ் மட்டும் திரும்பி வரும். திரைப்படங்களுக்கு இடம் போதவில்லை என்றாலும் முதலில் பலியாவது லினக்ஸ் பகுதிதான். அப்படி அழிந்ததைக் கண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மடிக்கணினியில் இரண்டாவது வட்டைக் கேட்பது அன்றைய விலையில் நியாயமில்லை என்பது சரி. இன்று அந்தச் சாக்கு இல்லை.

தனி வட்டில் நிறுவுவதில் பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டுகள் இரண்டாக இருந்தால் மட்டும் பிரிவினை முடிந்துவிடுவதில்லை. இன்றைய கணினிகள் யூஇஎஃப்ஐ முறையில் தொடங்குகின்றன. அதற்கென வட்டில் ஒரு சிறிய துவக்கப் பகிர்வு உண்டு; இயங்குதளத்தை எழுப்பிவிடும் துவக்கி அங்கேதான் இருக்கும். இரண்டாவது வட்டில் விண்டோஸை நிறுவும்படி சொன்னாலும், முதல் வட்டில் ஏற்கெனவே ஒரு துவக்கப் பகிர்வு இருந்தால் விண்டோஸ் நிறுவி தன் துவக்கியை அங்கேயே வைத்துவிடும். உபுண்டுவின் பழைய நிறுவியிலும் இதே குறை நெடுங்காலம் இருந்தது: பயனர் எந்த வட்டைத் தேர்ந்தாலும் துவக்கி முதல் வட்டுக்கே போய்விடும். விளைவு, பெயருக்குத் தனிக்குடித்தனம். ஆனால் வாசல் ஒன்றே. முதல் வட்டைக் கழற்றிய அன்று இரண்டாவதும் எழாது.

தீர்வு வேடிக்கையான அளவுக்கு எளிது. நிறுவும்போது மற்ற வட்டைக் கழற்றி வைத்துவிடுவது. கழற்ற முடியாத மடிக்கணினி என்றால், ஃபர்ம்வேர் அமைப்புகளில் அந்த வட்டை முடக்க வழியிருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத வட்டில் எந்த நிறுவியும் கைவைக்க முடியாது. நிறுவி முடிந்து, லினக்ஸ் தனியாக எழுகிறது என்று உறுதிசெய்த பிறகு மற்றதை மாட்டலாம். சில மதர்போர்டுகள் கழற்றப்பட்ட வட்டின் துவக்கப் பதிவை மறந்துவிடும். அப்போது ஃபர்ம்வேர் பட்டியலில் அந்த வட்டைக் கையால் தேர்ந்து எழுப்ப வேண்டியிருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

அதற்கு முன் இரண்டு வேலைகள். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் குறியாக்கம் பயனருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். ஃபர்ம்வேர் அமைப்பு சற்று மாறினாலும் அது மீட்புச் சாவியைக் கேட்டு வாசலை அடைத்துவிடும். 48 இலக்கங்கள் கொண்ட அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைப்பது. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ என்பது உண்மையான நிறுத்தம் அன்று, அரைத் தூக்கம். அந்த நிலையில் விண்டோஸின் கோப்புகளை லினக்ஸிலிருந்து எழுத வற்புறுத்தினால் கோப்பு முறைமையே கெடக்கூடும். ஆய்வுத் தரவு அழிந்த கதைகளில் வட்டுப் பழுதைவிட இத்தகைய அவசரங்களே மிகுதியாக இருக்கும் என்று கருத இடமுண்டு.

இனி, எந்த இயங்குதளத்துக்குள் போவது என்பதை ஒவ்வொரு முறையும் கணினி தொடங்கும்போது எஃப்12 அல்லது அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்தித் தேர்வது நல்லது. லினக்ஸின் கிரப் துவக்கி வழியாக விண்டோஸை எழுப்பவும் முடியும். ஆனால் அப்படிச் சுற்றுவழியில் வந்தால் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு மீண்டும் சாவி கேட்கலாம். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கமும் இயல்நிலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு விசையை அழுத்தும் சிரமத்துக்கு ஈடாக இரண்டு துவக்கிகளும் ஒன்றையொன்று அறியாமலே வாழும்.

ஐந்தரை மணிநேரக் குழப்பம் ஒன்றும் காத்திருக்கிறது. மதர்போர்டிலுள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கி நிற்கும். திரும்பிப் போனால் முந்தி ஓடும். இணையம் கிடைத்ததும் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவோர் பலர். இணையத்தோடு இணைக்கப்படாத கருவிக் கணினியில் அது சரியாகாது. அளவீட்டுக் கோப்பின் நேரமுத்திரை தவறினால், எந்த மாதிரி எப்போது சூடேற்றப்பட்டது என்ற கணக்கே பிழைபடும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்றுவது தூய்மையானது, லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே கட்டளையில் முடிவது. கோடைக்கால நேரமாற்றம் இல்லாத இந்தியாவில் இரண்டாவது வழியால் பெரிய கேடு இல்லை.

தனி வட்டு என்றால் முழு விடுதலை என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். அம்மாதம் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய, பாதுகாப்பற்ற லினக்ஸ் துவக்கிகளை விலக்கிவைக்கும் பட்டியல் ஒன்றைக் கணினிகளில் பதித்தது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளில் அது பதியாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, பலவற்றில் பதிந்துவிட்டது. அடுத்த முறை லினக்ஸை எழுப்ப முயன்றவர்களின் திரையில் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தி வந்து கணினி அணைந்தது. பிரச்சினைக்கான முழுமையான திருத்தம் 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. அந்தப் பட்டியல் வட்டில் எழுதப்படவில்லை, மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. ஆகவே வட்டு தனியாக இருந்தாலும் லினக்ஸ் அடிபட்டது. அடுப்பு இரண்டானாலும் கூரை ஒன்று.

இதைக் காட்டி, ‘பிறகு தனி வட்டால் என்ன பயன்’ என்று கேட்பது அவசர முடிவு. அன்று தனி வட்டு வைத்திருந்தவரின் லினக்ஸும் தரவும் தொடப்படாமல் இருந்தன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போகலாம். அதுவும் கைகூடாவிட்டால் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி வேலையைத் தொடரலாம். பூஜை விடுமுறையில் கணினி மையம் பூட்டிக் கிடக்கும் நாள்களில் இந்த வேறுபாட்டின் மதிப்பு புரியும். ஆனால் இரண்டு வட்டுகள் இருப்பதாலேயே காப்புப் பிரதி ஆகிவிடாது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் ஒரே திருட்டில் போகும், ஒரே மின்னழுத்த ஏற்றத்தில் கருகும். மூன்றாவது பிரதி வேறு கூரையின் கீழ் இருந்தாக வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வசதி இருக்கிறது, மெய்நிகர் கணினிகள் இருக்கின்றன, கணினியை நிறுத்தி எழுப்பும் தொல்லை எதற்கு என்பது அது. ஆர், பைத்தான், லாடெக் அளவில் வேலை முடிந்துவிடுகிற மாணவருக்கு இந்த வாதம் சரியானது. அவருக்கு இரண்டாவது வட்டு தேவையில்லை, வாங்கவும் வேண்டாம். சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. விருந்தாளியாக இயங்கும் லினக்ஸ் வீட்டுக்காரரின் விதிக்குக் கட்டுப்பட்டது. 72 மணிநேரம் ஓட வேண்டிய கணிப்பை நள்ளிரவில் விண்டோஸ் புதுப்பிப்பு மறுதொடக்கம் செய்து கொன்றுவிட்டால் உள்ளே இருக்கும் லினக்ஸும் சேர்ந்தே சாகிறது. விண்டோஸ் 10-இன் ஆதரவு முடியும்போது அதற்குள் குடியிருந்த லினக்ஸும் பாதுகாப்பற்ற கூரையின் கீழ் நிற்கிறது. பழைய கருவிக்காக விண்டோஸ் 10-ஐ வைத்திருக்க வேண்டிய ஆய்வுக்கூடத்துக்கு நேர்மையான வழி, அந்த வட்டை இணையத்திலிருந்து விலக்கிக் கருவிக்கு மட்டும் பயன்படுத்துவதும், மற்ற எல்லாவற்றுக்கும் தனி வட்டில் புதுப்பிக்கப்பட்ட லினக்ஸை வைப்பதும்தான்.

இரண்டாவது வட்டுக்கு இடமே இல்லாத மெல்லிய மடிக்கணினிகளும் உண்டு. அவற்றில் லினக்ஸை யூஎஸ்பி வழி இணையும் வெளிப்புற எஸ்எஸ்டியில் நிறுவிக்கொள்ளலாம். அது தடையின்றி இயங்கும். மறுபக்கம் அப்படி எளிதன்று: விண்டோஸை யூஎஸ்பியிலிருந்து இயக்கும் ‘விண்டோஸ் டு கோ’ வசதி 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே உள்ளே விண்டோஸ், வெளியே லினக்ஸ் என்பதே நடைமுறை. விலை குறைந்த பென் டிரைவில் இதைச் செய்ய முயல்வோர் ஒரு மாதத்தில் வெறுத்துவிடுவார்கள். அது நாள்தோறும் எழுதி எழுதித் தேய்வதற்காகச் செய்யப்பட்டதன்று.

நிறுவனங்களின் தயக்கம் வேறு வகை. கணினி நிறுவனச் சொத்து, திறந்தால் உத்தரவாதம் போகும், மாணவர் எதையாவது நிறுவினால் வலையமைப்புக்கு ஆபத்து என்பார்கள். பாதுகாப்புக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தடை விதிக்கப்பட்ட இடங்களில் நடப்பது என்ன? மாணவர் தரவைத் தன் சொந்த மடிக்கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு போகிறார். கட்டுப்பாடு மொத்தமாகவே கைநழுவுகிறது. கணினி மையமே ஒரு லினக்ஸ் வட்டைத் தயாரித்து, குறியாக்கம் செய்து, பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்தால் எது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

இதற்குப் பெரிய கொள்கை அறிக்கை வேண்டியதில்லை. துறைகள் அடுத்த முறை மேசைக்கணினிக்கு விலைப்புள்ளி கோரும்போது தொழில்நுட்பக் குறிப்பில் மூன்று வரிகள் சேர்த்தால் போதும்: இரண்டாவது எம்.2 வட்டுக்கான இடம் இருக்க வேண்டும். பயனர் வட்டு சேர்ப்பதால் உத்தரவாதம் நீங்கக்கூடாது. ஃபர்ம்வேரில் தனித்தனி வட்டை முடக்கும் வசதி இருக்க வேண்டும். இப்போது மேசைகளின் அடியில் தூசி படிந்து, கழித்துக்கட்டக் காத்திருக்கும் 2016, 2017-ஆம் ஆண்டுக் கணினிகளுக்கு முதலிரண்டு வரிகள்கூடத் தேவையில்லை. அவற்றின் உத்தரவாதம் என்றோ முடிந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் ஒரு சாட்டா இணைப்பு இன்னும் காலியாகவே கிடக்கிறது.